‘ஆப்பிரிக்க மொழி’ என்று ஒன்று உண்டா? கேள்வி பதில்

தான்சானியாவில் பல ஆண்டுகள் ஆசிரியராக இருந்தேன். அங்குள்ள மொழிகளைப் பற்றி நண்பர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சேலத்திலிருந்து ஓர் அம்மா: ஐயா, என் மகன் வேலைக்காக நைஜீரியா போகிறான். அங்கே பேசும் ஆப்பிரிக்க மொழியை இங்கேயே படித்துக்கொள்ள முடியுமா?

எந்த ஊர் என்று முதலில் கேட்டுச் சொல்லுங்கள், அம்மா. நைஜீரியாவில் மட்டும் 500க்கு மேற்பட்ட மொழிகள் இருக்கின்றன. லாகோஸ் என்றால் யோருபா, எனுகு என்றால் இக்போ, கானோ என்றால் ஹௌசா. அலுவலகத்தில் ஆங்கிலம் போதும், கடைத்தெருவுக்குப் போதாது. யோருபாவாக இருந்தால் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். ‘ஒக்கொ’ என்ற சொல்லின் கடைசி அசையைச் சமமாக விட்டால் கணவன், குரலை ஏற்றினால் மண்வெட்டி, இறக்கினால் வண்டி!

கல்லூரி மாணவர்: இவையெல்லாம் ஒரே மொழியின் வட்டார வழக்குகள்தானே?

இல்லை, தம்பி. இந்த எண்ணம் என்னை வருத்துகிறது. அந்தக் கண்டத்தில் ஏறத்தாழ 2,000 மொழிகள் இருக்கின்றன. ஹௌசா, அரபுக்குத் தூரத்து உறவு. அதே நாட்டின் யோருபா வேறு குடும்பம். தமிழுக்கும் இந்திக்கும் உள்ள தூரத்தைவிட இந்தத் தூரம் குறைவல்ல. மடகாஸ்கரின் மலகாசிக்கு நெருங்கிய உறவு போர்னியோ தீவில் இருக்கிறது. கடல் கடந்து வந்து குடியேறியவர்களின் மொழி அது.

திருச்சி வாசகி: சுவாஹிலி அரபு மொழியின் கிளை என்று படித்தேனே?

தான்சானியாவில் பேசும் அந்த மொழியில் அரபுச் சொற்கள் ஏராளம். ஆனால் எலும்பும் நரம்பும் பாண்டு என்னும் ஆப்பிரிக்க மொழிக் குடும்பத்தின் இலக்கணம். ஒரு சொல்லைப் பாருங்கள். சுவாஹிலியில் கத்தி ‘கிசு’, கத்திகள் ‘விசு’. முன்னால் வரும் ‘கி’ ஒருமை, ‘வி’ பன்மை. அரபியிலிருந்து ‘கிதாப்’ வந்து சேர்ந்தது. அதன் முதலெழுத்தையும் தங்கள் முன்னொட்டாகவே எடுத்துக்கொண்டார்கள்: ஒரு புத்தகம் ‘கிட்டாபு’, பல என்றால் ‘விட்டாபு’. அரபியில் பன்மை ‘குதுப்’. அதை யாரும் சீண்டவில்லை. அதோடு நிற்கவில்லை. ‘கிட்டாபு கிமோஜா கிமேஆங்குகா’ என்றால் ஒரு புத்தகம் விழுந்துவிட்டது. ‘விட்டாபு விவிலி விமேஆங்குகா’ என்றால் இரண்டு விழுந்துவிட்டன. பெயர், எண், வினை மூன்றும் ஒரே முன்னொட்டைச் சுமக்கின்றன. ரவுண்டானாவுக்குக்கூட ‘கீப் லெஃப்ட்’ பலகையிலிருந்து ‘கிப்பிலெஃப்டி’ என்று பெயர் வைத்தார்கள். பன்மை? ‘விப்பிலெஃப்டி’தான். கடன் வாங்கியதைத் தன் இலக்கணத்துக்கு இப்படி வளைக்கிற மொழியைக் கிளை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கோவை நண்பர்: நாக்கைச் சொடுக்கிப் பேசுகிறார்களே, அது எப்படி?

நாம் பரிதாபப்பட்டு ‘உச்’ கொட்டுகிறோமே, அதுவே தென்னாப்பிரிக்காவின் கோசா மொழியில் ஒரு மெய்யெழுத்து. மாட்டை ஓட்டும்போது கன்னத்தோரம் எழுப்பும் ஒலி இன்னொன்று. கோசாவும் சூலுவும் இவற்றைத் தெற்கின் பழங்குடி மொழிகளிடமிருந்து பெற்றன. கொடுத்த மொழிகளோ தேய்ந்துவிட்டன. ‘நூ’ என்று நாம் எழுதக்கூடிய ஒரு மொழியைச் சரளமாகப் பேசும் கடைசி மனிதராக அறியப்பட்டவர் கத்ரீனா எசாவ், 1933இல் பிறந்தவர். பண்ணை முதலாளிகளின் ஆப்பிரிக்கான்ஸ் மொழிக்கு அஞ்சிச் சிறுவயதில் வாயடைத்துப்போன மொழி அது. முதுமையில் அவர் அப்பிங்டன் நகரில் தம் வீட்டிலேயே பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்து அதைக் கற்றுக்கொடுத்தார்.

மற்றொருவர்: எழுத்து உண்டா?

பல உண்டு. எத்தியோப்பியாவின் அம்ஹாரிக்கில் ஒவ்வொரு மெய்க்கும் 7 உயிர்மெய் வடிவங்கள். மாலி, கினி பகுதிகளில் எழுதப்படும் ‘ன்கோ’ எழுத்தை 1949இல் சொலோமானா கான்டே உருவாக்கினார். வலமிருந்து இடமாக எழுதுவார்கள்.

சேலத்து அம்மா மறுபடியும்: விசாரித்துவிட்டேன், ஐயா. கானோவாம்.

அப்படியானால் ஹௌசா. நன்றி சொல்ல ‘நா கோடே’. காலையில் யாரைப் பார்த்தாலும் வேலையைப் பற்றிப் பேசும் முன் ‘இனா க்வானா’ என்று கேட்கச் சொல்லுங்கள். இரவு எப்படிக் கழிந்தது என்று பொருள். ‘லாஃபியா லௌ’ என்று பதில் வரும்.