மூன்று பனை

அன்புள்ள ஐயா,

எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் கமிட்டித் தேர்தலுக்குப் பிறகு இரண்டு கட்சியாகிவிட்டது. கீழத்தெரு ஜனங்கள் தங்களுக்கும் கமிட்டியில் இடம் கேட்டார்கள். கிடைக்காததால் இந்த வருடம் சபை விருந்தான அசனத்துக்கே வரவில்லை. 'சபையின் ஐக்கியத்தைக் கெடுக்கிறார்கள்' என்கிறார்கள் எங்கள் தெருப் பெரியவர்கள். நான் யார் பக்கமும் சேராமல் எல்லோருக்காகவும் ஜெபிக்கிறேன். கிறிஸ்தவள் சமாதானமாக வாழ்வது இதுதானே? பெந்தெகொஸ்தே சபைக்குப் போய்விட்ட அக்காவோடும், பொங்கல் கொடுத்தனுப்பும் பக்கத்து வீட்டாரோடும் எப்படி நடந்துகொள்வது?

— ஒரு வாசகி, திருநெல்வேலி மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

அக்காவோடு ஞானஸ்நானத்தைப் பற்றி வாதாடாதீர்கள், அவர் வீட்டுக்குப் போய்வாருங்கள். பொங்கலை வாங்கிக்கொள்ளுங்கள், கிறிஸ்மஸுக்கு நீங்களும் பலகாரம் கொடுத்தனுப்புங்கள். அதில் பேச ஒன்றுமில்லை.

'ஐக்கியம்' என்ற சொல்தான் என்னைப் பல நாளாக உறுத்துகிறது. இடத்தில் இருப்பவர்தான் எப்போதும் இடம் கேட்பவரிடம் அதைச் சொல்கிறார். வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டிய கத்தோலிக்கக் கோயிலில் வெள்ளாளருக்கு ஒரு பக்கம், நாடாருக்கு ஒரு பக்கம். நடுவில் தடுப்பு. சண்டை வராமல் இருக்க அப்படி ஓர் ஏற்பாடு! 1910-இல் தடுப்பை இடித்தபோது உரிமை போயிற்று என்று வெள்ளாளர் மெட்ராஸ் உயர் நீதிமன்றம் வரை வழக்குக்குப் போய்த் தோற்றார்கள். கிறிஸ்து நடுச்சுவரைத் தகர்த்தார் என்று எபேசியர் நிருபத்தில் வாசித்த ஜனம்தான் இது. நம் தென்னிந்தியத் திருச்சபை 1947-இல் ஆங்கிலிக்கனையும் மெதடிஸ்டையும் ஒன்றாக்கியது. தெருக்களை ஒன்றாக்கவில்லை.

கோபித்துக்கொள்ளாதீர்கள் அம்மா, ஆராதனையில் கைகோத்துச் சமாதானம் கொடுக்கிறோமே, உங்கள் கை கீழத்தெருக்காரர் கையைத் தொட்டு எத்தனை நாளாயிற்று? அவர்கள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததாகக் கடிதத்தில் ஒரு வரி இல்லை. அசனத்துக்கு வராதது தெரிகிறது, ஏன் வரவில்லை என்று போய்க் கேட்டதாகவும் இல்லை. யார் பக்கமும் சேரவில்லை என்கிறீர்கள். உட்கார்ந்திருப்பது மேலத்தெரு பெஞ்சில்!

மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். காணிக்கை செலுத்த வந்த இடத்தில் 'உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று' நினைவு வந்தால் காணிக்கையை வைத்துவிட்டுப் போ என்கிறார் இயேசு. உனக்கு அவன்மேல் குறை இருந்தால் என்று இல்லை. அவனுக்கு உன்மேல். நாம் இதைத் தலைகீழாகவே வாசித்துப் பழகிவிட்டோம். 'ஒப்புரவாகி' வா என்கிறது வேதம். குறளில் 22-ஆம் அதிகாரத்தின் தலைப்பிலும் இதே சொல்தான். அங்கே ஊருணியும் பயன்மரமும் உவமை, கொடுப்பதுதான் பேச்சு. கையில் இருப்பதை விடாமல் என்ன ஒப்புரவு?

என் அப்பா ஒரு வருடத்துக்கு மேல் ராப்போசனம் (ஆராதனையில் பெறும் அப்பமும் திராட்சரசமும்) எடுக்கவில்லை. எல்லோரும் எழுந்து போகும்போது அவர் மட்டும் பெஞ்சிலேயே இருப்பார். எனக்கு வெட்கமாக இருக்கும். பாகம் பிரித்ததில் வரப்பு நகர்ந்து, பெரியப்பாவின் மூன்று பனை எங்கள் பக்கம் வந்திருந்தது. மாதாமாதம் அம்மா சங்கக் காணிக்கைக் கவரில் பணம் போட்டுக் கொடுப்பாள். அப்பா அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய், அப்படியே திரும்பக் கொண்டுவந்து டிரங்குப் பெட்டியில் பத்திரத்துக்கு அடியில் வைப்பார். "ஊர் என்ன சொல்லும்?" என்று அம்மா அழுதால், "அண்ணனுக்கு என்மேல குறை இருக்கு" என்பார். வேறு பேச்சில்லை. குறை தெரிந்தும் பனையை விட அவருக்கு மனசு வரவில்லை. ஆனால் பலிபீடத்தின் முன்னால் நடிக்கவும் வரவில்லை. அந்த நேர்மை எனக்கு இப்போதுதான் விளங்குகிறது.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கயிற்றை எடுத்துக்கொண்டு பெரியப்பாவைக் கூப்பிடப் போனார். ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டு நின்றேன். பழைய எல்லைக்கல்லிலிருந்து அளந்தார்கள். மூன்று பனையும் அந்தப் பக்கம் போயின. பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. மண்வெட்டியை அப்பா கையிலிருந்து வாங்கி, வரப்பை அவரே வெட்ட ஆரம்பித்தார்.

மறுநாள் காணிக்கைத் தட்டு வந்தபோது அப்பா 14 கவர்களையும் ஒன்றாக வைத்தார். அடியில் இருந்தவற்றின் ஓரம் பூச்சி அரித்திருந்தது.