மாலத்தீவு பவளப்பாறை அலைக்குப் போகும்முன் ஸ்வெல், காற்று நிலவரத்தை எப்படிப் பார்ப்பது?

கேட்டவர் கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் ஒரு வருடமாகச் சர்ஃபிங் பழகுகிறார். உடையாத அலையில் ஏறிப் பக்கவாட்டில் ஓடத் தெரியும். மே கடைசியில் மாலத்தீவின் துலுஸ்தூ தீவில் எட்டு நாள் தங்குகிறார். அலை முன்கணிப்பு ஆப்பில் ஸ்வெல் (தொலைவில் காற்று கிளப்பி வந்து சேரும் அலைத்தொடர்) "1.8 மீட்டர்" என்று போட்டிருக்கிறதாம், அது நமக்குத் தாங்குமா என்பது கேள்வி.

அந்த 1.8-ஐ மட்டும் வைத்து யாராலும் பதில் சொல்ல முடியாது. அது 8 விநாடி இடைவெளியில் மேற்கிலிருந்து வருகிறதென்றால் துலுஸ்தூவில் அதன் சுவடுகூடத் தெரியாது. 16 விநாடியில் தெற்கு-தென்கிழக்கிலிருந்து வருகிறதென்றால் அன்று நீங்கள் படகில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். முதலில் இடைவெளி, அடுத்து திசை, அப்புறம் காற்றும் ஓதமும் (கடல் ஏற்றமும் வற்றும்), கடைசியில் உயரம். பார்க்கும் வரிசை இப்படி இருக்க வேண்டும். நம் ஊரில் எல்லோரும் தலைகீழாகப் பார்க்கிறோம்.

இடைவெளி என்பது ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே ஆகும் நேரம், அதாவது பீரியட். ஆழ்கடலில் அலையின் நீளம் இந்த விநாடியின் வர்க்கத்தை 1.56-ஆல் பெருக்கினால் மீட்டரில் கிடைக்கும். 8 விநாடி அலை 100 மீட்டர், 16 விநாடி அலை 400 மீட்டர். நீளத்தில் பாதி ஆழம் வரைக்கும் அலை தண்ணீரை அசைக்கிறது. எனவே 8 விநாடி அலைக்கு 50 மீட்டர் ஆழத்தில்தான் அடித்தளம் தட்டுப்படும், 16 விநாடி அலைக்கு 200 மீட்டரிலேயே தட்டுப்படும். நீள அலை பாறையைச் சுற்றி அதிகம் வளைவதும், கரை நெருங்கும்போது அதிகம் எழும்புவதும் இதனால்தான். பாடநூல் சூத்திரப்படி கணக்கிட்டால், ஆழ்கடலில் ஒரே 1.2 மீட்டர் உயரமுள்ள இரண்டு ஸ்வெல்களில் 8 விநாடிக்காரன் உடையும்போது சுமார் 1.6 மீட்டர், 16 விநாடிக்காரன் 2.1 மீட்டருக்கு மேல். ஆப்பில் இரண்டுக்கும் ஒரே எண்தான்.

இன்னொன்று. ஆப் காட்டும் உயரம், வருகிற அலைகளில் பெரிய மூன்றில் ஒரு பங்கின் சராசரி. ஆயிரம் அலைக்கு ஒன்று அதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வரும். 15 விநாடி ஸ்வெல்லில் ஆயிரம் அலை என்றால் நாலு மணி நேரம்தான். காலையில் ஒரு செஷன், மாலையில் ஒரு செஷன் இறங்கினால் அந்த அலையை நீங்களும் பார்ப்பீர்கள்.

இந்த ஸ்வெல் பிறப்பது தென் அட்சரேகை 40, 50 பாகைகளில், தென்பெருங்கடல் புயல்களில். 16 விநாடி அலைக்கூட்டம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1,080 கிலோமீட்டர் நகரும். 50 பாகையில் கிளம்பியது மாலே பக்கம் வர ஐந்தரை நாள் ஆகும். நீள அலைக்கு வேகம் அதிகம். ஆகவே முதலில் 19, 20 விநாடி அலைகள் சின்ன உயரத்தோடு, நெடுநேரத்துக்கு ஒருமுறை வந்து சேரும். மறுநாள் உயரம் கூடும், அதன்பின் விநாடி 16, 14 என்று இறங்கிக்கொண்டே போகும். அந்த முதல் நாள்தான் ஏமாற்றுகிற நாள். இருபது நிமிடம் கடல் குளம் மாதிரி கிடக்கும், பிறகு நாலு அலை மட்டும் வரிசையாக வந்து லைன்-அப்பில் (அலைக்காகக் காத்திருக்கும் இடத்தில்) இருக்கும் எல்லோரையும் துடைத்துக்கொண்டு போகும். கன்னியாகுமரி, கேரளக் கரைக்கு ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் கடல் தகவல் மையம் விடுகிற "கள்ளக்கடல்" எச்சரிக்கையும் இதே ஸ்வெல்லைப் பற்றியதுதான். நம் தென்கோடிக்கு அது வருமுன் மாலேயின் அட்சரேகையைக் கடந்துதான் வருகிறது, இடையே ஏறத்தாழ அரை நாள். கன்னியாகுமரிக்கு எச்சரிக்கை என்று செய்தி வந்தால் துலுஸ்தூவில் அன்று கடல் சும்மா இருக்காது.

அடுத்தது திசை. ஆப்பில் போடுவது அலை எங்கிருந்து வருகிறது என்பது, எங்கே போகிறது என்பதல்ல. துலுஸ்தூ இருக்கும் வட மாலே அட்டோலின் (வளையமாக அமைந்த பவளத்தீவுக் கூட்டத்தின்) சர்ஃப் இடங்கள் எல்லாம் அதன் கிழக்கு விளிம்பில், அட்டோலுக்குள் தண்ணீர் போய்வரும் சேனல்களின் மூலைகளில் இருக்கின்றன. துலுஸ்தூவில் கோக்ஸ், சேனலுக்கு எதிர்ப்பக்கம் சிக்கன்ஸ். கொஞ்சம் தெற்கே தம்புருதூ தீவின் ஒருபுறம் சுல்தான்ஸ், மறுபுறம் ஹாங்கீஸ். ஹிம்மஃபுஷியில் ஜெயில்பிரேக்ஸ். ஏறத்தாழ 140 முதல் 180 பாகை வரை, அதாவது தென்கிழக்கு முதல் நேர் தெற்கு வரை வருவது இங்கே நன்றாக வேலை செய்யும். 200-ஐத் தாண்டினால் தென் மாலே, ஃபெலிது, மீமு அட்டோல்கள் குறுக்கே நின்று மறைக்க ஆரம்பிக்கும். 220 பாகையில் 2 மீட்டர் என்று காட்டும் நாளைவிட 165 பாகையில் 1.2 மீட்டர் நாள் இங்கே பெரிதாக இருக்கலாம்.

மே கடைசியில் ஆப்பைத் திறந்தால் பெரிதாகக் கண்ணில் படும் எண் பெரும்பாலும் பருவக்காற்று கிளப்பிய மேற்குக் கடல்தான், 2 மீட்டர், 7-8 விநாடி, 260 பாகை என்று. அட்டோலின் மேற்கு விளிம்பே அதை உடைத்துத் தள்ளிவிடும், கிழக்குப் பக்கத்துக்கு ஒன்றும் வராது. அதனால் மொத்த உயரத்தைப் பார்க்காதீர்கள். விண்டியோ விண்ட்குருவோ சர்ஃப்லைனோ, எதில் பார்த்தாலும் ஸ்வெல் 1, ஸ்வெல் 2, காற்றலை என்று பிரித்துக் காட்டும் வரிகளைத் திறந்து, 12 விநாடிக்கு மேலே தெற்குக் கூறு இருக்கிறதா என்று தேடுங்கள். அது இல்லாத நாளிலும் 140-150 பாகையில் 9-10 விநாடியில் ஒரு மீட்டர் ஸ்வெல் இருந்தால் உங்களுக்கு யோகம். தென்கிழக்கு வணிகக்காற்று கிளப்பும் அலை அது. ஜூன் முதல் செப்டம்பர் வரை பின்னணியில் அடிக்கடி இருக்கும், இடுப்பிலிருந்து மார்பு உயரம் தரும், பாறைக்குப் புதியவருக்கு அதைவிட நல்ல வாத்தியார் இல்லை. முன்கணிப்பு மாடலின் கட்டம் ஒவ்வொன்றும் பல கிலோமீட்டர் அகலம் என்பதையும் மனதில் வையுங்கள். அந்தக் கட்டத்துக்குள் துலுஸ்தூ அளவு தீவு தெரியவே தெரியாது. ஊர் பெயரைத் தட்டிப் பார்ப்பதைவிட, அட்டோலுக்குத் தென்கிழக்கே திறந்த கடலில் ஒரு புள்ளியை அழுத்திப் பார்ப்பது நம்பகமானது.

காற்று விஷயத்தில் நம் கரைப் பழக்கத்தைத் தூக்கிப்போட வேண்டும். சென்னைப் பக்கம் அதிகாலையில் கரைக்காற்று, கடல் கண்ணாடி. உச்சிவேளைக்கு முன்பின்னாகக் கடற்காற்று எழுந்ததும் எல்லாம் கெட்டுவிடும். அதனால்தான் நாம் ஐந்தரைக்கே தண்ணீரில் நிற்கிறோம். ஒரு கிலோமீட்டர் நீளத் தீவுக்குக் கடற்காற்றை இழுக்கும் அளவு நிலச்சூடு கிடையாது. அங்கே காற்றை முடிவு செய்வது பருவமும், அந்நேரம் கடந்து போகும் மழைமேகமும்தான். மதியம் இரண்டு மணி காலையைவிடச் சுத்தமாக இருப்பது அங்கே சாதாரணம். எல்லோரும் சாப்பிடப் போயிருப்பார்கள் என்பது கூடுதல் லாபம்.

அலை கிழக்கு விளிம்பில் உடைகிறது, மே முதல் அக்டோபர் வரை காற்று பெரும்பாலும் மேற்குப் பாதியிலிருந்து அடிக்கிறது. கரையிலிருந்து அலையின் முகத்துக்கு எதிராக வருவதால் முகம் வழவழப்பாக நிமிர்ந்து நிற்கும். ஸ்வெல் பருவமும் இந்தக் காற்றும் ஒன்றாக வருவதே வட மாலேயின் அதிர்ஷ்டம். மேற்கு அல்லது வடமேற்கில் 5 முதல் 15 நாட் (knot; ஒரு நாட் மணிக்குச் சுமார் 1.85 கி.மீ.) வரை அருமை. 20-ஐத் தாண்டினால் பலகையின் மூக்கைக் காற்று தூக்கும், துடுப்பு போட்டும் அலைக்குள் இறங்க முடியாது, கண்ணில் சாரல் அடிக்கும். அப்போது வழக்கத்தைவிட இரண்டு இழுப்பு அதிகம் போட்டு, எடையை முன்னே தள்ளி இறங்க வேண்டும். காற்று தெற்கு, தென்கிழக்குக்குத் திரும்பினால் 10 நாட்டிலேயே முகம் கரடுமுரடாகிவிடும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குக் காற்று நேரே கிழக்கு விளிம்பில் அடிக்கும், ஸ்வெல்லும் சின்னது. அந்த மாதங்களில் மலிவு டிக்கெட் கிடைத்தது என்று போகாதீர்கள். மாலத்தீவு மீனவர்களின் நாட்காட்டி இந்தப் பருவங்களை அசுவினி, பரணி, கார்த்திகை என்று நம் நட்சத்திர வரிசையில்தான் பதின்மூன்று, பதினான்கு நாள் துண்டுகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. தெற்கே ஹுவது அட்டோலுக்குக் கணக்கு வேறு. காற்று தணிந்திருக்கும் பிப்ரவரி-ஏப்ரல், செப்டம்பர்-நவம்பர் அங்கே நல்ல காலம்.

மே, ஜூனில் மேற்கே கறுத்த மேகம் சுவர்போல் எழுந்து, அடியில் தண்ணீர் வெளுத்து ஓடி வந்தால் 30 நாட் காற்றும் மழையும் சில நிமிடத்தில் வந்துவிடும். பெரும்பாலும் அரை மணியில் முடிந்துபோகும். அது வெளியே கடலுக்குத் தள்ளுகிற காற்று என்பதை மறக்க வேண்டாம். படகு அருகில் இருந்தால் ஏறிவிடுங்கள், இல்லையென்றால் பலகையில் படுத்து உள்ளே நகர்ந்துகொண்டே இருங்கள். அது போனபின் ஒரு மணி நேரம் கடல் எண்ணெய் தடவியதுபோல் இருக்கும்.

ஓத வித்தியாசம் அங்கே பெரிய நாளிலும் ஒரு மீட்டர் அளவுதான். எண் சின்னதுதானே என்று விட்டுவிடக் கூடாது. பாறை மேல் ஏற்றத்தில் ஒன்றரை மீட்டர் தண்ணீர் இருந்தால் வற்றில் முழங்கால்தான் மிஞ்சும். அலை முடிகிற உள்பகுதிதான் முதலில் ஆபத்தாகும், அலையில் ஏறி எழுந்து நிற்கும் டேக்-ஆஃப் இடம் அல்ல. முதல் நாட்களில் பாதி ஏற்றத்திலிருந்து முழு ஏற்றம் வரை மட்டும் இறங்குங்கள், அலையின் கடைசித் துண்டு மூடிக்கொள்ளுமுன் முகட்டைத் தாண்டி வெளியேறிவிடுங்கள். கடைசி வரை ஓடிவிட வேண்டும் என்ற ஆசைதான் அதிகம் பேரின் முதுகைக் கிழிக்கிறது.

ஓதத்தோடு பருவ நீரோட்டமும் சேரும். தென்மேற்குப் பருவத்தில் நீரோட்டம் மேற்கிலிருந்து கிழக்கு, அதாவது துலுஸ்தூ சேனலில் உள்ளிருந்து வெளியே. வற்று நேரத்தில் இரண்டும் கைகோத்தால் சேனலில் சும்மா உட்கார்ந்திருப்பவர் சில நிமிடத்தில் லைன்-அப்பை விட்டு நூறு மீட்டர் தள்ளி இருப்பார். தீவில் ஒரு கட்டடத்தையும் அதன் பின்னால் ஒரு மரத்தையும் நேர்க்கோட்டில் பிடித்துவைத்து, அது விலகும்போதெல்லாம் துடுப்பு போடுங்கள். களைப்பாறும் இடம் சேனலின் நடு அல்ல, பாறையின் தோள் (அலை உடையாமல் தணிந்திருக்கும் பக்கம்) ஓரம்.

மணலில் பழகியவருக்குப் பாறை அலையில் தடுமாற்றம் வருவது டேக்-ஆஃபில். பல பத்து மீட்டர் ஆழச் சேனலிலிருந்து சட்டென்று ஒன்றரை மீட்டர் மேடை வருவதால் அலை மெல்ல எழாது, ஒரே மூச்சில் நிமிர்ந்து உதட்டை (முகட்டின் மேல்விளிம்பை) முன்னே வீசும். தயங்கினால் உதட்டோடு சேர்ந்து விழ வேண்டியதுதான். ஆனால் அலை ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அதே இடத்தில் உடையும். மணலில் இந்த வசதி கிடையாது. இறங்குமுன் குறைந்தது அரை மணி நேரம் ஓரத்திலிருந்து பாருங்கள். பெரிய செட் (அடுத்தடுத்து வரும் அலைக் கூட்டம்) எங்கே உடைகிறது, செட்டுக்கு எத்தனை அலை, எவ்வளவு நேரத்துக்கு ஒரு செட், மற்றவர்கள் எந்த நேரத்தில், எந்த வழியாக நுழைகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். செட்டின் முதல் அலைக்குப் பாயாதீர்கள். விழுந்தால் பின்னாலிருக்கும் எல்லாம் தலையில்தான்.

விழும்போது தட்டையாக, கைகால் விரித்து, பலகைக்குப் பின்பக்கமாக விழுங்கள். தலைகீழாகப் பாய்வதும், காலை ஊன்றித் தரை தேடுவதும் கூடாது. மேலே வரும்போது இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு வாருங்கள். உள்ளே மாட்டிக்கொண்டால் நேரே வெளியே எதிர்த்துத் துடுப்பு போட்டுச் சக்தியை வீணாக்க வேண்டாம். நுரையோடு கொஞ்சம் உள்ளே போய், பக்கவாட்டில் சேனலுக்கு நகர்ந்து, சுற்றி வெளியே போவதுதான் வழி.

உங்கள் நிலைக்கு என் தீர்ப்பு இது. தெற்குக் கூறு 1 மீட்டர், 12 விநாடிக்குள் இருந்தால் பாதி ஏற்றத்துக்கு மேல் எங்கும் இறங்கலாம், தொடக்கத்துக்கு நிஞ்ஜாஸ், ஜெயில்பிரேக்ஸ் மாதிரி சற்று மென்மையான இடம் நல்லது. 1.2 மீட்டர், 14 விநாடி என்றால் தோளில் மட்டும். 1.5 மீட்டர், 15 விநாடி, 160-180 பாகை என்றால் சுல்தான்ஸ் தலைக்கு மேலே போகும், கோக்ஸ் உங்களுக்கு இல்லை. கோக்ஸ் தங்குமிடத்திலிருந்து துடுப்பு போடும் தூரம் என்பதற்காகவே நிறைய பேர் தகுதிக்கு மீறி அங்கே இறங்குகிறார்கள். மென்மையான இடங்களுக்குப் போகப் படகுக்குக் காசு செலவழியுங்கள்.

கொண்டுபோக வேண்டியவை அதிகமில்லை. தண்ணீர் 28 முதல் 30 டிகிரி, வெட்சூட் வேண்டாம், முழுக்கை ரேஷ்கார்டு போதும், பலகையில் கால் வழுக்காமல் பூசும் வெப்பமண்டல வாக்ஸ். கோவளப் பலகையைவிட இரண்டு மூன்று அங்குலம் நீளமான பலகை டேக்-ஆஃபுக்கு உதவும். லீஷ் (காலையும் பலகையையும் கட்டும் கயிறு) பலகையின் நீளத்துக்குக் குறையாமல், விரலால் தடவிப் பார்த்து வெட்டு எதுவும் இல்லாததாக. பலகையின் அடியில் மாட்டும் மாற்று ஃபின் ஒரு ஜோடி வரிசை.

பவளம் கீறினால் எலுமிச்சை தேய்க்கச் சொல்வார்கள். எரியுமே தவிர உள்ளே சிக்கிய பவளத்துகளை அது எடுக்காது. நல்ல தண்ணீரும் சோப்பும் விட்டு மென்மையான பல்துலக்கியால் துகள் போகும்வரை தேய்த்து, பெட்டாடின் போட்டு, காற்றுப் படும்படி லேசாக மூடுங்கள். சுற்றிலும் சிவந்து சூடாகப் பரவினால் தண்ணீரில் இறங்காமல் தீவின் சுகாதார மையத்துக்குப் போய்விடுங்கள். டெட்டனஸ் தடுப்பூசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்பதை டிக்கெட் எடுத்த கையோடு பார்த்துக்கொள்வது நல்லது.