எஞ்சினுக்குள் துரு: தண்ணீர் எந்த வழியாக வந்தது?

கேள்வி: மும்பை டிராம்பே சீத்தா கேம்ப்பில் வசிக்கிறோம். நானும் என் மைத்துனரும் பிழைப்புக்காக ஒரு சிறிய படகு வைத்திருக்கிறோம். பிப்ரவரியில், கப்பல் உடைக்கும் இடமான தாருகானாவில் ஒரு கடையில், உடைத்த கப்பலின் உயிர்காப்புப் படகிலிருந்து எடுத்த இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சினை வாங்கினோம். ரசீதிலேயே ஓராண்டு உத்தரவாதம் என்று எழுதித் தந்தார்கள். ஜூன், ஜூலை மீன்பிடித் தடைக்காலத்தில் படகு சும்மா நின்றது. ஆகஸ்டில் எஞ்சின் சுழலவே இல்லை. டீசலைப் பீய்ச்சும் இஞ்செக்டரைக் கழற்றினால் ஒரு சிலிண்டரில் உப்புத் தண்ணீர். நீளமான குழாயை மாட்டித் திருகினால் அசைந்துவிடும் என்கிறார் மெக்கானிக். தண்ணீர் புகுந்தால் தன் பொறுப்பில்லை என்கிறார் கடைக்காரர். என்ன செய்வது?

பதில்: முதலில் அந்தக் குழாயைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகளைத் துரு சிலிண்டர் சுவரோடு பிடித்து வைத்திருக்கிறது. முரட்டுத்தனமாகத் திருகினால் ரிங் உடையும், சுவரில் கீறல் விழும். அதுவரை பிழைத்திருந்த எஞ்சினும் அதோடு போய்விடும்.

இரண்டு இஞ்செக்டர்களையும் கழற்றி, உள்ளே இருக்கும் தண்ணீரை உறிஞ்சி எடுங்கள். டீசலோடு மெல்லிய எண்ணெயைக் கலந்து ஊற்றி ஓரிரு நாள் ஊற விடுங்கள். பிறகு கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) புல்லியின் போல்ட்டில் ஸ்பேனரை வைத்து, கைப்பலத்தால் மட்டும் முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசைத்துப் பாருங்கள். அடியில் உள்ள ஆயிலையும் வடித்துப் பாருங்கள். பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் பேரிங் வரை போயிருக்கிறது. டீசல் பம்ப்பையும் இஞ்செக்டர்களையும் தாமதிக்காமல் பம்ப் பழுதுபார்க்கும் பட்டறைக்குக் கொடுங்கள். அவற்றின் நுண்ணிய பாகங்கள் துருவைத் தாங்காது.

அடுத்து சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்ற வேண்டும். உங்கள் பணம் திரும்புமா என்பது இங்கேதான் முடிவாகிறது. கழற்றிய உடனே எதையும் துடைக்க விடாதீர்கள். ஹெட், அதன் அடியில் கசிவைத் தடுக்கும் தகடான கேஸ்கெட், சிலிண்டர், புகைக்குழாய் வழி எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுங்கள். கேஸ்கெட்டைத் தூக்கி எறியாமல் பத்திரப்படுத்துங்கள். மும்முரத்தில் மெக்கானிக்குகள் துடைத்துவிடுவது துருவை மட்டுமல்ல, உங்கள் சாட்சியத்தையும்தான்.

தண்ணீர் வரும் வழிகள் சிலவே. கேஸ்கெட்டில் குளிர்விக்கும் தண்ணீர் போகும் துளையிலிருந்து சிலிண்டர் வரை அரித்த தடம் இருந்தாலோ, அழுத்தச் சோதனையில் ஹெட்டில் விரிசல் தெரிந்தாலோ, அது எஞ்சினோடு வந்த குறையாக இருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் கோரிக்கை வலுவானது. கேஸ்கெட் நன்றாக இருந்து, புகை வெளியேறும் வால்வுப் பக்கம் மட்டும் ஈரமும் உப்பும் துருவுமாக இருந்தால், புகைக்குழாய் வழியே கடல்நீர் ஏறியிருக்கிறது. குழாயைத் தாழ்வாகப் பொருத்தினாலும் அப்படி நேரும். எஞ்சின் பிடிக்காமலே நெடுநேரம் ஸ்டார்ட்டரை அழுத்திக்கொண்டிருந்தாலும் நேரும்: குளிர்விக்கும் நீரை வெளியே தள்ளப் புகை இல்லாததால் அது தேங்கி, பின்னால் ஏறிவிடும். அப்படியானால் கடைக்காரர் சொல்வதை மறுப்பது கடினம்.

சிலிண்டர் சுவரில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் மேல்துருதான், ஹோனிங் செய்து (சுவரை லேசாகத் தேய்த்து) புது ரிங் போட்டால் போதும். ரிங் ஓடும் இடத்தில் நகம் குழியில் சிக்கினால் போரிங் செய்ய (சிலிண்டரைக் கடைந்து அகலப்படுத்த) வேண்டும், அல்லது லைனர் எனும் உள்ளுறையை மாற்ற வேண்டும். கிராங்க்கிலும் குழி விழுந்திருந்தால், உதிரிபாகம் கிடைப்பதே அரிதான இந்தப் பழைய எஞ்சினில் மேலும் பணம் போட வேண்டாம் என்பேன். எதைச் சரிசெய்தாலும் தண்ணீர் வந்த வழியை அடைக்காமல் படகில் ஏற்றாதீர்கள்.

தொழிலுக்கு வாங்கிய பொருளுக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்று உங்களை மிரட்டக்கூடும். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சுயதொழிலால் பிழைப்பதற்கு மட்டும் வாங்கிப் பயன்படுத்துபவரையும் நுகர்வோராகவே ஏற்கிறது. படகை நீங்களே ஓட்டுகிறீர்கள் என்பதைக் கடிதத்தில் தெளிவாக எழுதுங்கள். ரசீது நகல், படங்கள், பட்டறையின் எழுத்து அறிக்கை மூன்றையும் இணைத்துக் கடைக்காரருக்கு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம்.

கேள்வி: துருவால் இறுகிச் சுழலாத எஞ்சினில் துருநீக்கும் அமிலம் ஊற்றினால் உடனே இளகும் என்கிறார்களே? (தாராவி வாசகர்)

பதில்: ஊற்றாதீர்கள். பிஸ்டன்கள் பெரும்பாலும் அலுமினியக் கலவை. அமிலம் துருவைத் தின்னும் முன்பே அதை அரிக்கத் தொடங்கிவிடும். ரிங் இடுக்கில் தங்கும் மிச்ச அமிலம் ஆயிலில் இறங்கிப் பேரிங்கையும் கெடுக்கும். எண்ணெய் ஊறக் காத்திருப்பது மெதுவான வழி, ஆனால் எதையும் கெடுக்காது.