படிவம் தராத சிறையும் தள்ளுபடியான வழக்கும்

கேள்வி: அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலச் சிறையில் இருக்கும் என் தம்பியின் அறையில் பல நாட்கள் சாக்கடை நீர் தேங்கி, காலில் புண்ணாகிச் சீழ் பிடித்தது. வழக்கறிஞர் இல்லாமல் தானே கூட்டாட்சி நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கை, சிறைக்குள் இரண்டாம் கட்டக் குறைமனு கொடுக்கவில்லை என்று தள்ளுபடி செய்துவிட்டார்கள். படிவம் கேட்டும் அதிகாரி தரவில்லை என்கிறான். தீர்ப்பு வந்து பத்து நாளாகிறது. இனி வழி உண்டா?

பதில்: உண்டு, சகோதரி, ஆனால் நாள் குறைவு. தங்கள் தம்பி சொன்னது பொய் என்று நீதிபதி தீர்மானிக்கவில்லை. அந்த அறை எப்படி இருந்தது என்ற கேள்விக்கே நீதிமன்றம் இன்னும் வரவில்லை. 1996-ஆம் ஆண்டின் சிறைவாசிகள் வழக்குச் சீர்திருத்தச் சட்டம், சிறையின் குறைதீர்ப்பு நடைமுறையை முழுவதும் முடித்த பிறகே வழக்குத் தொடுக்க வேண்டும் என்கிறது. கெடு தவறிக் கொடுத்த மனுவும் போதாது என்று 2006-இல் உட்ஃபோர்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை மேலும் இறுக்கியது. டெக்சாஸில் முதல் மனுவுக்கு 15 நாள், அதற்குப் பதில் வந்தபின் இரண்டாம் மனுவுக்கு 15 நாள். புண்ணோடு அடைபட்டிருப்பவருக்கு இது கொடிய கணக்கு என்றே நான் கருதுகிறேன்.

எனினும், கைக்கு எட்டும் பரிகாரத்தை, அதாவது உண்மையில் பயன்படுத்த முடிகிற குறைதீர்ப்பு வழியைத்தான் முடிக்கச் சொல்கிறது அச்சட்டம். சூழ்ச்சியாலோ பொய்த் தகவலாலோ மிரட்டலாலோ அதிகாரிகள் மனுவைத் தடுத்தால், அந்தப் பரிகாரம் இருந்ததாகவே கொள்ள முடியாது என்று 2016-இல் ராஸ் எதிர் பிளேக் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. தங்கள் தம்பியின் வாதம் இதுவே. ஆனால் ‘தரவில்லை’ என்ற ஒற்றைச் சொல் நிற்காது. எந்த நாளில், எந்த அதிகாரியிடம் கேட்டார், அவர் என்ன சொன்னார், யார் உடனிருந்தார் என்பதையெல்லாம், பொய்யானால் தண்டனைக்கு உட்படுவேன் என்ற உறுதிமொழியுடன் அவரே எழுதிக் கையெழுத்திட வேண்டும், நோட்டரி தேவையில்லை. சிறை அதிகாரிகளுக்கு எழுதும் ஐ-60 கோரிக்கைத் தாளில் கேட்டிருந்தால் அதன் நகல் பொன்னுக்குச் சமம்.

இதை அவர் முன்பே நீதிமன்றத்தில் சொல்லியிருந்தாரா? சொல்லியிருந்தால், தீர்ப்பு நாளிலிருந்து 28 நாட்களுக்குள் அதை மாற்றக் கோரும் மனுவோ, 30 நாட்களுக்குள் மேல்முறையீட்டு அறிவிப்போ கொடுக்கலாம். சிறை அஞ்சலில் ஒப்படைத்த நாளே தாக்கல் நாளாகக் கொள்ளப்படும். சொல்லாமல் விட்டிருந்தால், மறுபடி தொடுக்கும் உரிமையைத் தீர்ப்பு விட்டுவைத்திருக்கிறதா என்று பார்த்து, அந்த விவரங்களோடு புதிய வழக்குப் போடுவதே என் பரிந்துரை. டெக்சாஸில் காலவரம்பு 2 ஆண்டு; தள்ளுபடியான வழக்கு நிலுவையில் இருந்தபோதும் அந்தக் கெடு பொதுவாக நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். 350 டாலர் கட்டணமும் அவர் சிறைக் கணக்கிலிருந்து மறுபடி தவணையாகப் பிடிக்கப்படும்.

மருத்துவக் குறிப்புகளை இப்போதே கேட்டுப் பெறச் சொல்லுங்கள். உடற்காயம் காட்டாமல் மனவேதனைக்கு மட்டும் இழப்பீடு கேட்க அச்சட்டம் இடம் தருவதில்லை. டெக்சாஸ் சிறைவாசி ஒருவரை ஆறு நாட்கள் மலமும் கழிவுநீரும் கிடந்த அறைகளில் அடைத்ததை, அரசியலமைப்புக்கு உட்பட்டது என எந்த அதிகாரியும் நியாயமாக நினைத்திருக்க முடியாது என்று 2020-இல் டெய்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பைத் தம்பியின் மனுவில் தவறாமல் குறிப்பிடச் சொல்லுங்கள்.