சுகர் உள்ள அப்பாவுக்கு இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் செய்தால் செப்டிக் ஆகிவிடுமா?

சுகர் இருந்தாலே செப்டிக் ஆகும் என்றில்லை. எலும்பு ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருக்கிறேன். முதல்முறை இடுப்பு மாற்றுபவர்களில் நூற்றுக்கு ஒருவர், மிஞ்சினால் இரண்டு பேருக்குத்தான் மூட்டுக்குள் கிருமி சேர்கிறது. ஆனால் அந்த ஒருவர் படும் பாடு சாமானியமில்லை. கிருமி உலோகத்தின் மேல் படலம் கட்டிவிட்டால் மருந்துக்கு மசியாது. பல சமயம் பொருத்திய மூட்டையே கழற்ற வேண்டிவரும்.

அப்பாவுக்கு எச்பிஏ1சி, அதாவது மூன்று மாத சராசரி சுகரைக் காட்டும் அளவு, 9 என்கிறீர்கள். பல சர்ஜன்கள் 7.5, 8க்குக் கீழே வரட்டும் என்று காத்திருப்பார்கள். ‘நாள் பார்த்து அட்மிஷன் போட்டாச்சே’ என்று சண்டைக்கு வரும் குடும்பங்களை நிறையப் பார்க்கிறேன். எலும்பு முறிவு என்றால் காத்திருக்க முடியாது, அது வேறு கதை. தேய்மானத்துக்குச் செய்வதென்றால் தாராளமாகத் தள்ளிப் போடலாம்.

பீடி, சிகரெட் இருந்தால் குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்தட்டும். அதிக பருமனும் ஆபத்துதான். ஆனால் கஞ்சியும் ரசஞ்சோறுமாகவே ஒப்பேற்றுகிற ஒல்லியான பெரியவர்களை யாரும் கவனிப்பதில்லை. ரத்தத்தில் ஆல்புமின் என்கிற புரதம் 3.5க்குக் கீழே இருந்தால் புண் ஆறுவது சிரமம். முட்டை, பருப்பு, மீன் என்று இப்போதிருந்தே கொடுங்கள்.

கடந்த மூன்று மாதத்தில் இடுப்பு மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். முடக்குவாத மாத்திரை சாப்பிட்டால் அதையும். நீங்களாக நிறுத்த வேண்டாம். சொத்தைப் பல், கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் இருக்கிறதா என்று விரலை விலக்கிப் பாருங்கள். கிருமி அங்கிருந்தும் ரத்தம் வழியாக மூட்டுக்குப் போகும்.

அப்புறம் ஒன்று, முதல் நாள் ராத்திரி வீட்டிலேயே பிளேடால் முடியை மழித்து அழைத்து வராதீர்கள். சுத்தம் என்று நினைத்துச் செய்வார்கள். தோலெல்லாம் பொடிப்பொடியாகக் கீறியிருக்கும். தேவையென்றால் நாங்களே கிளிப்பரால் வெட்டிவிடுவோம்.

வீட்டுக்கு வந்த பிறகு கட்டு திரும்பத் திரும்ப நனைந்தாலோ, தையலைச் சுற்றிச் சிவந்தாலோ, குறைந்த வலி மறுபடி கூடினாலோ அன்றே சர்ஜனிடம் காட்டுங்கள். மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். மருந்து உள்ளே போய்விட்டால் மூட்டு நீரை எடுத்துக் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட்) வைத்தாலும் எந்தக் கிருமி என்று பிடிபடாமல் போகலாம்.