பிளாக் சுவரில் ஆல்-இன்-ஒன் கம்ப்யூட்டர்: பிராக்கெட் வாங்கும் முன் சுவரைத் தட்டிப் பாருங்கள்

கேள்வி: மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் கோவிலை ஒட்டிய கூடத்தில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். ஒரு குடும்பத்தார் 24 அங்குல ஆல்-இன்-ஒன் (திரைக்குள்ளேயே எல்லாம் அடங்கிய) கம்ப்யூட்டர் ஒன்றை வகுப்புக்குக் கொடுத்திருக்கிறார்கள். மேசைமேல் வைத்தால் பிள்ளைகள் இழுத்துத் தள்ளிவிடுவார்கள் என்று பயம். சுவரில் மாட்டலாமா? கடையில் டிவிக்கு மாட்டுகிற, முன்னால் இழுத்து நீட்டக்கூடிய பிராக்கெட் ஒன்றைக் காட்டினார்கள். கூடத்தின் சுவர் சாதாரண பிளாக் சுவர். நாங்களே செய்துகொள்ளலாமா, ஆள் வைக்க வேண்டுமா? சிக்லோன் (புயல்) வந்தால் கழற்றி வைக்க வேண்டுமா?

பதில்: தாராளமாக மாட்டலாம், டீச்சர். ஆனால் கடையில் காட்டிய அந்த நீளும் பிராக்கெட் வேண்டாம். சுவரோடு ஒட்டி நிற்கும், கொஞ்சம் மேலும் கீழும் சாய்கிற சாதாரண பிராக்கெட் போதும். விலையும் குறைவு.

ஏன் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 24 அங்குல மெஷின், ஸ்டாண்டைக் கழற்றினால், 7 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். பிராக்கெட்டின் மேல் திருகுக்கும் அதன் கீழ் விளிம்புக்கும் 15 சென்டிமீட்டர். நீளும் பிராக்கெட்டின் கையை 45 சென்டிமீட்டர் முன்னால் நீட்டினால், மேல் திருகுகளைச் சுவரிலிருந்து வெளியே பிடுங்கும் விசை 7 கிலோ அல்ல, 21 கிலோ. ஒரு பிள்ளை திரையின் விளிம்பைப் பிடித்து 15 கிலோ அளவுக்குத் தொங்கினால் அது 66 கிலோ ஆகிவிடும். பிராக்கெட் கையின் சொந்த எடையை இதில் நான் சேர்க்கவே இல்லை. நீளமான கடப்பாரைக்கு ஆணி சுலபமாகக் கழன்று வருவது எப்படியோ அதே கதைதான். அதே மெஷின் சுவரிலிருந்து 5 சென்டிமீட்டரில் நின்றால் பிடுங்கும் விசை இரண்டேகால் கிலோவைச் சுற்றித்தான்.

"75 கிலோ தாங்கும்" என்று பெட்டியில் அச்சடித்திருப்பது இரும்பைப் பற்றி. உங்கள் சுவரைப் பற்றி அந்தக் கம்பெனிக்கு எதுவும் தெரியாது.

இனி சுவர். மொரீஷியஸில் இந்த ஒரு விஷயத்தில்தான் அதிகம் யோசிக்க வேண்டும். 1960இல் அலிக்ஸ், கரோல் என்று இரண்டு சிக்லோன்கள் அடுத்தடுத்து வந்து மர வீடுகளையும் தகர வீடுகளையும் அள்ளிக்கொண்டு போன பிறகு, தீவே கான்கிரீட் பிளாக்குக்கு மாறியது. அந்தப் பிளாக் வெளியே பார்க்கப் பாறை மாதிரி இருக்கும், உள்ளே வெற்றிடம். நடுவில் இரண்டு மூன்று பெரிய பொந்துகள், அவற்றைச் சுற்றி மூன்று சென்டிமீட்டரைச் சுற்றிய கனத்தில் ஓடு. உங்கள் திருகு பிடித்து நிற்கப் போவது அந்த மெல்லிய ஓடு ஒன்றைத்தான்.

முதலில் விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். பொந்து இருக்கும் இடத்தில் சத்தம் திறந்து கேட்கும். கூடத்தின் மூலைகளிலும் கதவு ஓரங்களிலும் சத்தம் அடைத்துக் கேட்டால் அங்கே தூண் இருக்கலாம். நிச்சயமாகத் தெரிய, பிராக்கெட் மறைக்கப் போகிற இடத்தில் 6 மில்லிமீட்டர் டிரில் பிட்டால் ஒரே ஒரு துளை போடுங்கள். பூச்சைத் தாண்டி இரண்டு மூன்று சென்டிமீட்டர் போனதும் பிட் திடீரென்று உள்ளே விழுந்தால் பொந்து. கடைசிவரை ஒரே கடினமாகப் போனால் கான்கிரீட் தூண் அல்லது பீம். வரும் தூளையும் கவனியுங்கள். சாம்பல் தூள் வந்தால் கல்லும் சிமென்டும். வெள்ளையாக மாவு மாதிரி கொட்டிக்கொண்டே இருந்தால் அது பழைய பூச்சு. 2001இல் தடை வரும்வரை இங்கே கடல் பவள மணலைத்தான் பூச்சுக்கு அள்ளிப் போட்டார்கள். அந்தப் பூச்சு ஒரு சுமையையும் தாங்காது. பூச்சின் கனத்தைக் கழித்துவிட்டுத்தான் திருகின் நீளத்தைப் பார்க்க வேண்டும்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கரோலுக்குப் பிறகு கட்டிய பழைய இ.டி.சி. குடியிருப்புத் திட்ட வீடுகளில் அமியாந்த், அதாவது ஆஸ்பெஸ்டாஸ் கலந்த பலகைகள் உண்டு. அதில் டிரில் வைக்கவே வைக்காதீர்கள், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. அப்படிப்பட்ட வீட்டில் மெஷின் மேசையிலேயே இருக்கட்டும்.

பிளாக் சுவரில் எந்த ஷெவில் (திருகைப் பிடிக்கத் துளைக்குள் செருகும் உறை) போடுவது? கடைக்காரர் முதலில் எடுத்துக் கொடுப்பது சின்ன பிளாஸ்டிக் ஷெவிலாகத்தான் இருக்கும். திடமான சுவருக்கு அது சரி. பொந்துக்குள் போனால் திருகோடு சேர்ந்து சுற்றிக்கொண்டே இருக்கும், இறுகாது. அடுத்து அவர் காட்டுவது இரும்பு விரியும் போல்ட். பிளாக்கில் அதைத் தொடாதீர்கள். முறுக்க முறுக்க அது விரிந்து, பிளாக்கின் ஓடே விரிசல் விட்டுவிடும். அது தூணுக்கு மட்டும். பிளாக்குக்கு நல்லது, பொந்துக்குள் போனதும் பின்னால் இறக்கை விரிக்கிற டாகிள் போல்ட், அல்லது உள்ளே முடிச்சுப் போட்டுக்கொள்கிற நீளமான நைலான் ஷெவில். இன்னும் பலம் வேண்டுமென்றால் வலைக்குழாயோடு வரும் கெமிக்கல் ஆங்கர், அதாவது துளைக்குள் இறுகிப் பிடிக்கும் பசை. உங்கள் மெஷினுக்கு அது அதிகம்.

துளை போடும் விதத்திலும் ஒரு நுட்பம் இருக்கிறது. டிரில்லில் ஹேமர் (இடித்துத் துளைக்கும் முறை) போட்டுத் துளைத்தால் முன்பக்கம் துளை அழகாக இருக்கும், பின்பக்கம் ஓடு தட்டையாகப் பெயர்ந்து பொந்துக்குள் விழுந்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. மூன்று சென்டிமீட்டர் ஓட்டில் பாதி போய்விட்டால் ஷெவில் எதைப் பிடிக்கும்? அதனால் ஹேமரை அணைத்துவிட்டு, புதுப் பிட்டாகப் போட்டு, மெதுவாகச் சுற்றவிடுங்கள். கை வலிக்கும், பரவாயில்லை. தூணில் துளைக்கும்போது ஹேமர் வேண்டியதுதான். அங்கே பிட் முன்னே போகாமல் கிறீச்சிட்டால் கம்பியில் இடிக்கிறது என்று அர்த்தம். நான்கைந்து சென்டிமீட்டர் தள்ளி வேறு துளை போடுங்கள், கம்பியை அறுக்கப் போகாதீர்கள்.

சுவிட்சுக்கும் சாக்கெட்டுக்கும் நேர் மேலேயும் நேர் கீழேயும் துளை வேண்டாம், நேர் பக்கத்திலும் வேண்டாம். வயர் பெரும்பாலும் அந்தக் கோடுகளில்தான் ஓடும். சந்தேகமிருந்தால் அந்த அறையின் மின்சாரத்தை மெயினில் அணைத்துவிட்டு, பக்கத்து அறையிலிருந்து டிரில்லுக்குக் கரண்ட் எடுங்கள். சுவரின் மறுபக்கம் கோவில் சமையல்கட்டு என்றால் தண்ணீர்க் குழாயையும் நினைவில் வையுங்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் பிராக்கெட்டை நேராகச் சுவரில் அடிக்க மாட்டேன். 60க்கு 45 சென்டிமீட்டரில், 18 மில்லிமீட்டர் கனமுள்ள மரீன் பிளைவுட் பலகை ஒன்றை முதலில் ஆறு டாகிள் போல்ட்டால் சுவரில் பிடிக்க வைத்து, அதன்மேல் மரத்திருகால் பிராக்கெட்டை இறுக்குவேன். சுமை ஆறு இடத்துக்குப் பிரிந்துவிடும். ஒரு துளை சரியாக வராவிட்டாலும் பலகைக்குள் இடம் மாற்றிக்கொள்ளலாம். நாளைக்கு வேறு அளவு மெஷின் வந்தாலும் சுவரைத் தொடவே வேண்டாம். சாதாரண பிளைவுட் வாங்கினால் ஈரத்தில் உப்பிப் பிரிந்துவிடும். பலகைக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்துவிட்டால் கண்ணை உறுத்தாது.

மாட்டி முடித்ததும் உடனே மெஷினைத் தூக்காதீர்கள். ஐந்து கிலோ பாஸ்மதி பைகள் நான்கைக் கயிற்றில் கட்டி பிராக்கெட்டில் ஓர் இரவு தொங்கவிடுங்கள். காலையில் பலகைக்கும் சுவருக்கும் இடையே காகிதம் நுழைகிற இடைவெளி விழுந்திருந்தால் திருகை இறுக்கி மறைக்காமல், கழற்றி வேறு இடம் பாருங்கள்.

சரி, மெஷினின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். நடுவில் சதுரமாக நான்கு துளைகள் இருக்க வேண்டும். 75க்கு 75 அல்லது 100க்கு 100 மில்லிமீட்டர் இடைவெளியில். வெசா துளைகள் என்பார்கள். முதல் அளவு 8 கிலோ வரைக்கும், அடுத்தது 14 கிலோ வரைக்கும் என்பது தரம். சில மாடல்களில் ஸ்டாண்டைக் கழற்றினால்தான் துளை கண்ணுக்குத் தெரியும். வீட்டு உபயோகத்துக்கு வரும் பல மாடல்களில் துளையே இருக்காது. ஆப்பிளின் 24 அங்குல ஐமேக் என்றால், வாங்கும்போதே சுவர்ப் பொருத்தம் உள்ளதாக வாங்கியிருக்க வேண்டும், பிறகு மாற்ற வழியில்லை. துளை இல்லாத மெஷினுக்கு விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் கொக்கிகள் விற்கிறார்கள். பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கு அதை நான் சொல்ல மாட்டேன்; அப்போது மேசையில் வைத்து, ஸ்டாண்டைப் பலகையோடு கட்டிவிடுவதுதான் மேல்.

துளைக்குப் போகும் திருகு எம்4. நீளத்தில் அலட்சியம் கூடாது. ஒரு பல்குச்சியைத் துளைக்குள் விட்டு ஆழத்தைக் குறித்துக்கொண்டு, பிராக்கெட் தகட்டின் கனத்தைக் கூட்டிப் பாருங்கள்; திருகு அதற்குமேல் போகக் கூடாது. டிவியில் உள்ளே கொஞ்சம் காலி இடம் இருக்கும். ஆல்-இன்-ஒன்னில் துளைக்குப் பின்னாலேயே மதர்போர்டு இருக்கலாம், நீளத் திருகு நேராக அதில் போய்க் குத்தும். டிரில்லால் முறுக்காமல் கையால் முறுக்குங்கள். திரையைக் கீழ்ப்பக்கமாகப் படுக்கவைக்கும்போது மடித்த துண்டின்மேல், மேசையின் விளிம்புக்குள் முழுசாக வையுங்கள். நடுத்திரையில் முழங்கை ஊன்றினால் போதும், உள்ளே கண்ணாடி நூலாக விரிந்துவிடும். தூக்குவதற்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவர் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் திருக.

அப்புறம் காற்று. மெஷின் கீழிருந்து காற்றை இழுத்து மேல்வழியாகவோ முதுகு வழியாகவோ சூட்டைத் தள்ளும். பல மாடல்களின் கையேடு அறை வெப்பம் 35 டிகிரிக்குள் இருக்கச் சொல்லும். ஜனவரியில் போர்ட் லூயிஸில் ஜன்னல் சாத்திய கூடம் என்றால் அந்த எல்லையைத் தொட்டுவிடும். ரோஸ் ஹில் கொஞ்சம் தேவலை. சுற்றிலும் 10 சென்டிமீட்டர் விட்டு மாட்டுங்கள், அலமாரிக்குள் திணிக்காதீர்கள். உங்கள் கூடத்துக்கு இன்னொன்றும் உண்டு. கோவிலில் இருந்து வரும் கற்பூரப் புகையும் எண்ணெய் விளக்குக் கரியும் விசிறியில் பிசின் மாதிரி ஒட்டும். கரும்பு அறுவடை மாதங்களில் தோட்டம் எரித்த கரியும் பறந்து வரும். சன்னதி வாசலுக்கு எதிர்ச்சுவரை விட்டுவிட்டு வேறு சுவரைத் தேர்ந்தெடுங்கள். காவடி முடிந்ததும் ஒருமுறை, அறுவடை முடிந்ததும் ஒருமுறை, மெஷினை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பிரஷ்ஷால் துளைகளைத் துடைத்தால் போதும்.

மழையில் ஓதம் ஏறும் சுவர் வேண்டாம். தால் (கான்கிரீட் தளக்) கூரை கசிந்த கறை மேலே தெரிந்தால், இப்போது காய்ந்திருந்தாலும் அந்தச் சுவர் வேண்டாம்.

கரண்ட் விஷயத்தில் நம் ஊரில் ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. மூன்று சதுர முள் சாக்கெட்டின் எர்த் ஓட்டையில் பேனா மூடியைக் குத்தி, உள் மூடியைத் திறந்து, இரண்டு உருண்டை முள் பிளக்கைச் செருகுவோம். பிள்ளைகளும் பார்த்துப் பழகிவிட்டார்கள். உங்கள் மெஷினின் வயரில் ஃப்ரெஞ்சு மாதிரி உருண்டைப் பிளக் இருந்தால், அந்த வழியில் எர்த் சேரவே சேராது. திடீர் மின் ஏற்றத்தைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டர் வாங்கி வைத்தாலும் எர்த் இல்லாமல் அது பாதி வேலைதான் செய்யும். அடாப்டரிலிருந்து சாக்கெட்டுக்குப் போகும் வயரை மட்டும் மாற்றி, ஃபியூஸ் உள்ள மூன்று சதுர முள் பிளக் வயர் வாங்குங்கள். 5 ஆம்பியர் ஃபியூஸ் போதும். அடாப்டரைக் காற்றில் தொங்கவிடாமல் பலகையின் கீழ் ஒரு சின்னத் தட்டில் வையுங்கள். அந்த வயரைச் சுவரைக் கொத்திப் பூச்சுக்குள் புதைக்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பக்கத்தில் சாக்கெட் இல்லையென்றால் லைசன்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை அழைத்து ஒன்று வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் காசு கொடுத்து ஆள் வைக்க வேண்டிய வேலை அது ஒன்றுதான். பலகையும் பிராக்கெட்டும் டிரில் பிடிக்கத் தெரிந்த இரண்டு பேர் செய்துவிடலாம்.

உயரம் யாருக்காக என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஒவ்வொரு பிள்ளையாக வந்து உட்கார்ந்து தட்டச்சு பழகுவதற்கு என்றால், திரையின் மேல் விளிம்பு உட்கார்ந்த பிள்ளையின் கண்மட்டத்தில். வகுப்பு முழுக்கப் பார்ப்பதற்கு என்றால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், 24 அங்குலம் போதாது. கடைசி வரிசைப் பிள்ளைக்கு ன-வும் ண-வும் ஒன்றாகத்தான் தெரியும். மெஷினில் எச்டிஎம்ஐ வெளியீடு இருந்தால் பின்னாளில் ஒரு புரொஜெக்டர் சேர்த்துக்கொள்ளலாம். அந்தத் துளை கைக்கு எட்டும்படி மாட்டுங்கள்.

சிக்லோனுக்குக் கழற்ற வேண்டுமா என்று கேட்டீர்கள். கதவு ஜன்னல் கெட்டியாக இருக்கிற உள்சுவர் என்றால் வேண்டாம். இரண்டாம் வகுப்பு (கிளாஸ் 2) சிக்லோன் எச்சரிக்கை வந்ததும் அடாப்டரையும் நெட் கேபிளையும் பிடுங்கி, மெஷினைப் பெரிய பிளாஸ்டிக் பையால் மேலிருந்து மூடி, கீழே திறந்து விடுங்கள். எதிரே ஷட்டர் இல்லாத கண்ணாடி ஜன்னல் இருந்தால் மட்டும் கழற்றி உள்ளறைக்கு எடுத்துப் போங்கள். புயல் ஓய்ந்து கரண்ட் வந்ததும் செருகிவிடாதீர்கள், முதல் சில மணி நேரம் அது வந்து வந்து போகும். பலகைக்குப் பின்னால் கையை விட்டுச் சுவர் ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஈரம் இருந்தால் அது காயும்வரை வகுப்பைக் கரும்பலகையிலேயே நடத்துங்கள்.