பிஷப் வெளியே வரும் நேரம்

அன்புள்ள ஐயா,

நீடாமங்கலத்தில் கடை வைத்திருக்கிறேன். சாயங்காலம் நண்பர்களோடு செஸ் ஆடுவது நாற்பது வயதுக்கு மேல் ஒட்டிக்கொண்ட பழக்கம். கறுப்பில் ஆடும்போது, எதிராளி சிப்பாய்களை டி4, சி4 என்று நகர்த்தி ஆரம்பித்தால் நானும் சிப்பாய்களை டி5, சி6 என்று வைத்து ஸ்லாவ் டிஃபென்ஸ் என்ற தற்காப்புத் தொடக்கத்தை ஆடுகிறேன். இ6 வைத்தால் சி8 பிஷப் அடைபட்டுவிடும், அதனால் முதலில் அதை எஃப்5-க்குக் கொண்டுவர வேண்டும் என்பது வரை புரிகிறது. ஆனால் எல்லோரும் அதற்கு முன் சி4 சிப்பாயை வெட்டுகிறார்களே, ஏன்? நான் வெட்டாமல் பிஷப்பை எடுத்தால் தோற்றுப்போகிறேன்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சதுரங்கம் ஆடிய சிவன் என்று சொல்லப்படும் பூவனூர் சதுரங்க வல்லபநாதருக்குப் பக்கத்து ஊர்க்காரர் நீங்கள். கேள்வியும் சரியான இடத்தில் விழுந்திருக்கிறது.

பலகையை எடுத்து வையுங்கள். இரண்டு பக்கமும் ராஜா பக்கக் குதிரையை எடுத்தாயிற்று, வெள்ளை இன்னொரு குதிரையை சி3-ல் வைத்துவிட்டது. இப்போது நீங்கள் பிஷப்பை எஃப்5-க்குக் கொண்டுபோனால் வெள்ளை டி5-ல் வெட்டும், நீங்கள் சி சிப்பாயால் திரும்ப வெட்டுவீர்கள். அடுத்து வெள்ளை ராணி பி3-க்கு வரும். அது பி7, டி5 இரண்டையும் ஒரே நேரத்தில் குறிவைக்கிறது. பி7-ஐக் காத்துக்கொண்டிருந்த பிஷப்தான் வெளியே போய்விட்டதே. சரி, ராணியை பி6-ல் வைத்துக் காக்கலாமா? வெள்ளைக் குதிரை டி5 சிப்பாயை எடுக்கும். நீங்கள் பி3 ராணியை வெட்டினால், வெள்ளைக் குதிரை உங்கள் எஃப்6 குதிரையை செக்கோடு எடுக்கும், அப்புறம் வெள்ளை நிதானமாக ஏ2 சிப்பாயால் உங்கள் ராணியை எடுக்கும். கணக்குப் பார்த்தால் ஒரு சிப்பாய் போயிருக்கும்.

பதினாறு வயதில் தஞ்சாவூரில் ஒரு போட்டியில் எனக்கு இதேதான் நடந்தது. பி3-ல் ராணி வந்து நின்றதும் இருபது நிமிஷம் யோசித்தேன். கடைசியில் பிஷப்பைத் திரும்ப சி8-க்கே கொண்டுபோய் வைத்தேன். அந்த நிலையில் அதுதான் நல்ல மூவ் என்று பின்னாளில் தெரிந்தது. ஆனால் போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு மூவ் வீண்.

இப்போது முதலில் சி4-ல் வெட்டிப் பாருங்கள். சி4-ல் நிற்கும் உங்கள் சிப்பாய் பி3 கட்டத்தைக் காக்கிறது. ராணி அங்கே வரமுடியாது. நீங்கள் பி5 வைத்து அந்தச் சிப்பாயைத் தக்கவைத்துக்கொள்ளக் கூடாதென்று வெள்ளை ஏ4 ஆடும். அதன்பின் பிஷப் எஃப்5-க்குத் தைரியமாகப் போகலாம். சி4 சிப்பாயை வெள்ளை திரும்ப எடுத்துக்கொள்ளும், எடுத்துக்கொள்ளட்டும். ஏ4 ஆடியதால் பி4 கட்டத்தைக் காக்க வெள்ளைக்கு இனி சிப்பாய் இல்லை. இ6 வைத்து உங்கள் இன்னொரு பிஷப்பை அங்கே உட்கார வைத்தால் அசைப்பது கடினம். டி5-ஐ விட்டுக்கொடுத்ததால் வெள்ளை இ4 வைக்கத்தான் பார்க்கும். எஃப்5 பிஷப் அந்தக் கட்டத்தை நேராகப் பார்க்கிறது, பி4 பிஷப் அதைக் காக்கும் சி3 குதிரையைக் கட்டிப்போடுகிறது. ஸ்லாவின் உறுதி முழுக்க இந்த இ4 கட்டத்தில்தான் இருக்கிறது என்பேன்.

வெள்ளை சி3 குதிரைக்குப் பதில் இ3 ஆடினால் கதை வேறு. அப்போது வெட்டாமலே எஃப்5-க்குப் போகலாம். பி3-க்கு ராணி வந்தால் உங்கள் ராணியை சி7-ல் வைத்தால் போதும். அங்கே அதைத் துரத்த வேண்டிய வெள்ளை பிஷப் இ3-க்குப் பின்னால் அடைபட்டுக் கிடக்கிறது.

பிஷப்பை அடைத்துக்கொண்டே ஆடும் வழியும் உண்டு. சி6, இ6 இரண்டும் வைக்கும் செமி ஸ்லாவ். மயிலாடுதுறையில் பிறந்த ஆனந்த், 2008-ல் ஜெர்மனியின் பான் நகரில் ரஷ்யாவின் கிராம்னிக்கோடு ஆடிய உலக சாம்பியன் போட்டியில், கறுப்பில் மூன்றாவது, ஐந்தாவது ஆட்டங்களை இதை வைத்துத்தான் ஜெயித்தார். அதில் சி4-ல் வெட்டி, பி5 தள்ளி, பிஷப்பை பி7 வழியாக வெளியே விடுவார்கள். அழகான ஆட்டம், ஆனால் சிக்கலும் அதிகம். ஆறு மாதம் ஸ்லாவையே ஆடுங்கள். அடுத்த முறை தோற்றால் மூவ்களை எழுதி அனுப்புங்கள், சேர்ந்து பார்க்கலாம்.